எட்டுத் துளி ஓஜஸ்

மார்ச் 4
ஞாயிறு இணைப்புக்கு ‘ஓஜஸ்’ பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம். முப்பத்தொரு வருட நிருபர் வேலையில் கொலை, தீ விபத்து, தேர்தல் எல்லாம் பார்த்தாயிற்று, உயிராற்றல்தான் பாக்கி. இதயத்தில் எட்டுத் துளி ஓஜஸ் இருக்கிறதாம். நிறைந்தால் வீரியம், வற்றினால் ஆள் காலி. கோபம் அதைக் கரைத்துவிடும் என்றார் வகுப்பு நடத்தும் ஆசான். அடுத்த நிமிடமே, வழுக்கை தெரியப் படமெடுத்த போட்டோகிராபர் மேல் பாய்ந்தார். மூன்று துளியாவது போயிருக்கும்.

மார்ச் 6
“ஓஜஸ் நிறைஞ்சவனுக்கு மாத்திரை எதுக்கு?” என்று ஆசான் கேட்டதை அப்படியே எழுதினேன். “இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து” என்று மருத்துவர் சொன்னதைக் கடைசிப் பத்தியில் வைத்தேன். முத்தாய்ப்பாக இருக்கட்டுமே என்று. பெரிய மேதை.

மார்ச் 10
அச்சாகி வந்த பக்கத்தில் கடைசிப் பத்தியைக் காணோம். அந்த இடத்தில் சத்துமாவு விளம்பரம். “இடம் பத்தல சார், வழக்கம்போல கீழேருந்து வெட்டிட்டேன்” என்றார் பக்கம் அமைப்பவர். அவரைத் திட்டி என்ன? கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்பது முதல் வருடமே எனக்குத் தெரியும்.

மார்ச் 12
அண்ணி போன் செய்தார். அண்ணன் இரண்டு நாளாக ரத்த அழுத்த மாத்திரையைத் தொடவில்லை. ஓடினேன். மூச்சடக்கி, மார்பு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் வீரபுருஷர்.

“டேய், நீ எழுதினதுதானே? உன் பேர் போட்டிருக்கே.”

“டாக்டர் சொன்னதை வெட்டிட்டாங்கண்ணே.”

“வராததை நான் எப்படிடா படிக்கிறது?” என்று, அண்ணி நீட்டிய மாத்திரையைத் தள்ளிவிட்டார்.

அண்ணி குறுக்கிட்டார்: “ரெண்டு பேருக்கும் சேர்த்து எட்டுத் துளி மூளையாவது இருக்கா?”

மார்ச் 13
திருத்தம் போடச் சொன்னேன். “பத்து நாள் போகட்டுமே, விளம்பரக்காரங்க கோவிச்சுக்குவாங்க” என்றார் ஆசிரியர். தலையாட்டிவிட்டு வந்தேன். என்ன வீரியம்!

மார்ச் 15
அண்ணன் படியில் விழுந்துவிட்டார். இடது கை தூக்க வரவில்லை. பேச்சு குழறுகிறது. மருத்துவமனை. யாரால? என்னாலதான். அந்தப் பத்திய மேல வச்சிருந்தா என்ன கேடு வந்திருக்கும்? முத்தாய்ப்பாம் —

மார்ச் 16
ஆசிரியர் அறைக் கதவைத் தட்டாமலே நுழைந்தேன். “திருத்தம் நாளைக்கே வரணும். இல்லேன்னா இந்த ராஜினாமாவ வாங்கிக்கோங்க.” கால் நடுங்கியது. வீரியம் என்றால் பின்வாங்காத முயற்சி என்று கட்டுரைக்காகக் குறித்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். கால் நடுங்கக் கூடாது என்று அதில் இல்லை.

மார்ச் 17
வந்துவிட்டது. மருத்துவர் சொன்னதே முதல் வரி. வார்டுக்கு எடுத்துப் போனேன். அண்ணன் வலது கையில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“மீதிய... வெட்டிக்கலாம்டா” என்றார் மெதுவாக.

பிறகு வாயைத் திறந்தார். அண்ணி மாத்திரையை வைத்தார்.