ரைட் கிளியர்

ஜூலை 3

அன்புள்ள ஏணிக்கு,

நலமா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. விசாரணை முடியும்வரை நாம் இருவரும் போனில் பேசக் கூடாது என்று விமானிகள் சங்கத்து வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "லெட்டர் எழுதலாமா சார்?" என்றேன். "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் எழுதுறா!" என்று சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறேன். அலமாரியை இரண்டு தடவை அடுக்கிவிட்டேன். ஒரு தடிமனான நாவலை எடுத்து, நாற்பதாம் பக்கத்திலேயே நிற்கிறேன். கண்ணை மூடினால் அந்த மழை ஈரத் தரைதான். வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தோம். கடைசி நிமிடத்தில் ஓடுபாதையை மாற்றினார்கள். நான் குனிந்து புதிய எண்களைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த உதறல். இடித்தது என்றுகூட முதலில் தோன்றவில்லை. போகிறவர் யாரோ தோளில் உரசியது போலத்தான் இருந்தது. நிறுத்துமிடத்துக்குள் முழுதாக நுழையாமல் காத்திருந்த அந்த விமானத்தின் வாலை நம் வலது இறக்கையின் நுனி கிழித்திருந்தது. அந்த விமானத்தில் அதற்குள் எழுந்து நின்ற பணிப்பெண் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் கட்டாம்.

விசாரணையில் நினைவிருந்ததைச் சொன்னேன். நீயும் சொல்லியிருப்பாய். நம் பேச்சைப் பதிவு செய்யும் பெட்டி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டும்தான் வைத்திருக்கும். பயணிகளை இறக்கும் அவசரத்தில் அதை நிறுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எல்லாம் அழிந்துவிட்டதாம்.

என் கேப்டன் தேர்வைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், ரத்து செய்யவில்லை. இரண்டு தடவை கோட்டை விட்ட எனக்கு இது மூன்றாவது தடவை. நம் நிறுவனத்தில் நான்காவது கிடையாது என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
குண்டூசி


ஜூலை 12

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று! பயிற்சிப் பள்ளியில், நம் அறைக் கதவில், 'என் ஷாம்பூவைத் தொட்டால் கொலை விழும்' என்று ஒட்டினாயே, அதற்குப் பிறகு இதுதான். அம்மாவிடம் காட்டினேன். "ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒரு பிளேனை ஒழுங்கா உருட்டத் தெரியல, இதுல லெட்டர் வேற" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சாப்பிடுறாளான்னு கேளு" என்றாள். சாப்பிடுகிறாயாடி?

ஒன்று கேட்க வேண்டும். விசாரணைக்காக இல்லை. அங்கே பழியை நானே ஏற்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன். கேப்டன் நான், விமானம் என் பொறுப்பு, அவ்வளவுதான்.

இடது இருக்கையிலிருந்து வலது இறக்கை எனக்குத் தெரியாது. உனக்கே ஜன்னலில் கன்னத்தை ஒட்டினால்தான் நுனி தெரியும். அதனால்தானே கேட்டுக் கேட்டு நகர்கிறோம். அன்றும் "ரைட்?" என்றேன். "ரைட் கிளியர்" என்று காதில் விழுந்தது. அதன் பிறகுதான் பிரேக்கை விட்டேன். ஆனால் நான் கேட்டதாகவோ நீ பதில் சொன்னதாகவோ நினைவில்லை என்று சொல்லியிருக்கிறாயாம். அப்படியானால் என் காதில் விழுந்தது எது? எப்போதும் நீ சொல்வாய் என்பதால், நீ சொல்லாமலே நான் கேட்டுக்கொண்டேனா?

நேற்று அம்மா கூப்பிட்டாள் என்று எழுந்து போனேன். அவள் கூப்பிடவே இல்லை.

சொன்னாயா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது. யாரிடமும் காட்ட மாட்டேன். என் காதை நான் நம்பலாமா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

உன்,
ஏணி


ஜூலை 29

அன்புள்ள ஏணிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் முன்பின்னாக இருக்கிறது. எதிர்வீட்டில் சுவரை இடித்துக் கட்டுகிறார்கள். காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள். புத்தகம் படிக்கலாம் என்றால் அதுவும் ஓடவில்லை. நம் பழைய பயிற்றுநர் வழியில் பார்த்து, "என்னம்மா, பார்க்கிங் பிரச்சினையாமே?" என்றார். சிரித்துவைத்தேன்.

நீ கேட்டது. எவ்வளவு யோசித்தாலும் அந்த ஒரு நிமிடம் கலங்கலாகத்தான் இருக்கிறது. எண்கள் மட்டும் நினைவிருக்கின்றன. அன்றைக்கு ரேடியோவிலும் ஓயாத பேச்சு. வேறு ஏதாவது குரல்கூட உன் காதில் விழுந்திருக்கலாம். நீ ஒரு தடவை காதைக் காட்டினால் என்ன? என் அண்ணிக்குத் தெரிந்த நல்ல டாக்டர் இருக்கிறார். முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மனசுக்கு ஒரு நிம்மதி கிடைக்கும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

உன்னையே வருத்திக்கொள்ளாதே.

உன்,
குண்டூசி


செப்டம்பர் 20

அன்புள்ள குண்டூசிக்கு,

அறிக்கை வந்துவிட்டது, நீயும் பார்த்திருப்பாய். 'பதிலை உறுதி செய்யாமல் கேப்டன் விமானத்தை நகர்த்தினார்.' ஒரே வரிதான். அதற்காக என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. திரும்பப் பறப்பதற்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள், அதை நானேதான் கெடுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொன்றையும் சொல்லும்போது, "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பாவம், கடைசியில் கத்தவே ஆரம்பித்துவிட்டார். சோதனை வைத்தவர் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்.

ரெஸ்ட் எல்லாம் வேண்டாம் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் சொல்லாதது காதில் விழுகிற ஆள், இருநூறு பேரை வைத்துக்கொண்டு அந்த இருக்கையில் உட்காரக் கூடாது. சரக்குக் கிடங்கு ஒன்றில் கணினி வேலை கிடைத்திருக்கிறது. ஜன்னல் இல்லாத அறை. நல்லதுதான்.

உன் தேர்வு அக்டோபரில் என்று கேள்விப்பட்டேன். பயப்படாதே, இந்தத் தடவை தேறிவிடுவாய்.

உன்,
ஏணி


ஜனவரி 17

அன்புள்ள ஏணிக்கு,

உன் செப்டம்பர் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். தேர்வில் தேறினேன். இரண்டு வாரமாக இடது இருக்கையில் பறக்கிறேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

செவ்வாய்க்கிழமை, நிறுத்துமிடங்களுக்கு நடுவே திரும்பும்போது "ரைட்?" என்றேன். பக்கத்திலிருந்தவர் "ரைட் கிளியர்" என்றார். என்னால் பிரேக்கை விட முடியவில்லை. "உண்மையிலேயே பாத்தீங்களா?" என்றேன். "பாத்துட்டுத்தான் சொல்றேன் மேடம்" என்றார். திரும்பவும் கேட்டேன். பின்னால் மூன்று விமானங்கள் நின்றுவிட்டன. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். பக்கத்திலிருந்தவர் முகம் சுண்டிப்போய்விட்டது. அந்த இருக்கையில் உட்கார்ந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையை விட்டால் வேறு எதுவும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் சொன்னேன் ஏணி. நீ கேட்டாய், நான் "ரைட் கிளியர்" என்றேன். பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தக்கூட இல்லை. எண்களில் இருந்தபடியே, சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் 'ம்' என்போமே, அப்படிச் சொன்னேன். இடித்த அந்த நொடியிலிருந்தே எனக்கு அது தெரியும். கலங்கல் எதுவும் இல்லை.

விசாரணையில் 'நினைவில்லை' என்றபோது அது பொய் மாதிரித் தோன்றவில்லை. கொஞ்சம் அவகாசம் கேட்பது போல இருந்தது. தேர்வு முடியட்டும், பிறகு உன்னிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள், எனக்கு முன்னால் கேப்டன் ஆனவள், உனக்கு ஒன்றும் ஆகிவிடாது என்றும் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் நிறுவனத்துக்கும் விசாரணைக் குழுவுக்கும் எழுதிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. உன் காதில் எந்தக் கோளாறும் இல்லை. அன்றும் இல்லை.

ஒரு நாள் வீட்டுக்கு வரட்டுமா?

உன்,
குண்டூசி


பிப்ரவரி 2

குண்டூசிக்கு,

கடிதம் வந்தது. நகலையும் படித்தேன்.

முதல் தடவை படித்தபோது சந்தோஷம்தான் வந்தது, நிஜமாகவே. சமையலறைக்குப் போய், "எனக்குக் காது நல்லாத்தாம்மா இருந்திருக்கு" என்றேன். "அதைத்தான் டாக்டர் அப்பவே சொன்னாரே" என்றாள். இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் மாதங்களை எண்ணினேன்.

பார்க்காமல் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. நானும் வலது இருக்கையில் ஆறு வருடம் இருந்தவள். பார்க்காமல் சொன்ன நாள் எனக்கும் உண்டு. அன்றைக்கு அங்கே எதுவும் நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தேர்வுக்குப் பயந்து விசாரணையில் மறைத்தாய், அதுவும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜூலையில் நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேன். நீ டாக்டரின் முகவரியை எழுதி அனுப்பினாய்.

அவரிடம் நான் போனேன், தெரியுமா? ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இல்லாத சத்தத்துக்கு அழுத்திவிடுவேனோ என்று பயந்து, கேட்ட சத்தங்களையும் விட்டுவிட்டேன். மூன்று தடவை திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

நிறுவனத்திலிருந்து என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன் என்றுதான் நினைக்கிறேன். உன்னை நிறுத்தி வைத்திருப்பதாகவும் சொன்னார்கள். அதில் எனக்கு ஒரு துளி மகிழ்ச்சியும் இல்லை.

வீட்டுக்கு வர வேண்டாம். அம்மா அடிக்கடி உன்னை விசாரிக்கிறாள். நீ என்னிடம் மறைத்தது அவளுக்குத் தெரியாது. உனக்கு வெளியூரில் வேலை, லீவு கிடைப்பதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பிவிட்டாள். அது அப்படியே இருக்கட்டும்.

ஏணி