கடைசிப் பக்கத்து முத்திரை

1942 மார்ச் 17, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. யுத்தத்தைச் சொல்லி, ஜப்பான் புத்தகங்களை எடுத்துப் போக இன்று நூலகத்துக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். சீனாவிலும் ஜப்பானிலும் சுற்றிய ஒரு புத்த பிக்ஷு நம் சர்வகலாசாலைக்குக் கொடுத்தவை. ஒரே ஒரு அலமாரி.

தலைமை நூலகர் ஐயர் உடனே என்னிடம், "எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துடும் ஓய். இங்கே எவன் இதை வாசிக்கறான்?" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒன்றைத் திறந்து, நம் நூலக முத்திரை இருந்த பக்கத்தில் புத்தகத்தின் பெயரைத் தேடினார்.

"சார், அது கடைசிப் பக்கம்" என்றேன். "இதெல்லாம் வலப்பக்கம் இருந்து ஆரம்பிக்கும். தெரியாம, முதல் பக்கம்னு நினைச்சு, அத்தனையிலயும் கடைசியில சீல் குத்தினவன் நான்தான். இதுல சீனப் புஸ்தகமும் கிடக்கு. யுத்தத்துல சீனா நம்ம கட்சி. எது ஜப்பான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, எடுத்துத் தாரேன்."

"அதெங்ஙனே எனக்கு அறியும்?" என்று மலையாளத்தில் முனகியவர், வாசிக்கத் தெரிந்த ஆளோடு நாளை வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ஐயர் என் பக்கம் திரும்பினார். "சீல் தப்பை இத்தனை வருஷமா மறைச்சிருக்கீர். ரிப்போர்ட் எழுதப் போறேன்."

எழுதட்டும். எது சீனம், எது ஜப்பான் என்று எனக்கும் தெரியாதுதான். வாசிக்கத் தெரியாது என்பதற்காக வாரிக் கொடுக்க முடியாது. அலமாரிச் சாவி என் மடியில் இருக்கிறது.

நாளை வரட்டும். முதல் பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டுத் தொடட்டும்.