ஜன்னல் இல்லாத அறை

ஹட்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று அண்ணன் இஸ்ரேலிலிருந்து வீடியோவில் பேசியபோது, அவன் பின்னால் ஜன்னல் இல்லாததைத்தான் முதலில் கவனித்தேன். ஈரான் ஏவுகணை வருகிறது என்று சைரன் ஊதினால், அங்கே எல்லோரும் அப்படி ஒரு அறைக்குள் போய்விடுவார்களாம். "இங்க ஒண்ணும் பயமில்ல, அம்மாகிட்ட சொல்லிறாத," என்று சிரித்தான். நான் சொல்லிவிட்டேன். நீங்கள் பயப்படாதீர்கள். முழங்கால் வலி குறைந்ததா?

கடையிலும் இதே பேச்சுத்தான்.

"ஈரான்ல சாமி பேரச் சொல்லி ஆளுறவனுங்க கையில அணுகுண்டு போகலாமா? அடிச்சாத்தான் அடங்குவானுங்க," என்றார் முதலாளி.

சாமான் வாங்க வந்த முத்துலிங்கம் மாஸ்டர், "அடிச்சா ஒளிச்சு வச்சுச் செய்வாங்க. உள்ள வந்து பார்க்க விடுன்னு எல்லா நாடும் சேர்ந்து நெருக்கணுங்க," என்றார்.

"ஒங்க அண்ணன் அங்கதானே, நீ சொல்லு புள்ள," என்றார் முதலாளி. நான் மாஸ்டருக்குச் சீனியை நிறுத்துக் கட்டினேன். குண்டு அவர்கள் கைக்குப் போகக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் பறிக்கும் தேயிலைக் கொழுந்தை ஈரானிலும் குடிக்கிறார்கள். அந்த வீடுகளில் ஜன்னல் இல்லாத அறை இருக்குமா, தெரியவில்லை.

என் சுவெட்டரை பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள். மாடியறையில் தனியாகப் படுப்பதால் குளிர் அதிகம்.

கடை திறக்க வேண்டும். காலையில் கோயிலுக்குப் போய், அண்ணன் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்தேன். பிறகு இன்னொரு தட்டு வாங்கினேன். ஈரான் பக்கத்து ஆட்களின் பெயர் தெரியாததால், "சாமி பேருக்குங்க ஐயரே," என்று கொடுத்தேன்.

தனுஜா