காதில் விழாத கேள்விக்கு ஓர் ஆமாங்க

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் கிட்டே வந்து, இடது காதுப் பக்கம் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். இப்போது எழுதினால் போதும் என்றாகிவிட்டது. எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் மகன் போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் போவதை விட்டுவிட்டார். திருச்செங்கோட்டில் அந்த வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் பேத்தி நித்யாவுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு உங்கள் காதிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் மருமகளாக வந்தபோது உங்கள் காது நன்றாகவே இருந்தது. அடுப்படியில் நான் முணுமுணுத்தால் வாசலிலிருந்து பதில் வரும். ஊர் ஊராகப் போய்ப் பாறையில் துளை போட்டவர் நீங்கள். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்ற உங்கள் காதை அதன் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. நித்யா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில் பாதிப் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் போய்விட்டது. காது மெஷின் வாங்கி மாட்டினோம். அது விசிலடித்தது. தட்டு விழுகிற சத்தமும் மனிதர் பேசுகிற சத்தமும் ஒரே அளவில் வந்து மண்டையில் இடித்தன. அதைக் கழற்றி பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, வேறொரு வழி கண்டுபிடித்தீர்கள். யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க."

அந்த ஆமாங்கவால் நடந்தவை கொஞ்சமா? பக்கத்து வீட்டுக்காரர் மேச்சேரி ஆடு வாங்கி வந்து, கொட்டகை போடும் வரை நம் வாசலில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆமாங்க என்றீர்கள். அவை நம் வாசலிலேயே குட்டி போட்டன. "டீச்சரம்மா, இந்த ஆடெல்லாம் யாருது சாமி?" என்று ஒருநாள் என்னிடம் வந்து கேட்டீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமலேயே.

டீச்சரம்மா என்றுதான் கடைசி வரை கூப்பிட்டீர்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மகனுக்கும் அதே கம்ப்ரசர், அதே காது. டாக்டரிடம் போகலாம் என்றால், "கெழவனுங்க மாட்டறதப் போயி நான் மாட்டறதா?" என்பார். அவருக்கும் பேரன் எடுக்கிற வயதாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவரும் ஆமாங்க சொல்லப் பழகிக்கொண்டார். உங்கள் சொத்தில் பங்கு பிரிக்காமல் முழுதாக அவருக்கு வந்தது அது ஒன்றுதான்.

நித்யா கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காதில் மாட்டும் இயர்பட்ஸ், காது மெஷின் இவற்றுக்கெல்லாம் ஒயர் இல்லாமல் சத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று சோதிக்கும் வேலை. அவளுக்கு அது உயிர். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே அதைப் பற்றித்தான் பேச்சு. தாத்தாவின் விசிலடிக்கும் மெஷினைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா?

பெண் பார்க்க வாழப்பாடியிலிருந்து வந்தார்கள். நல்ல குடும்பம், மரியாதையான மனிதர்கள். ஃபேன் ஓடுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறேன். பையனின் பெரியப்பா உங்கள் மகனிடம் கேட்டிருக்கிறார்: "பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடும், இல்லீங்களா?"

உங்கள் மகன் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, ஆமாங்க" என்றிருக்கிறார்.

அவர்கள் மகிழ்ச்சியாகக் கிளம்பிப் போனார்கள். நித்யா உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து, "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?" என்றாள். "நான் என்ன சாமி சொன்னேன்?" என்றார் அவர். அவர்கள் கேட்டது என்னவென்று அவள் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

உடனே போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். "ஏனுங்க, அன்னைக்கு எனக்குக் கேக்கலைன்னு சொல்லிப்போடுங்க. அதுல என்ன இருக்குது?" அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பெரியவிய முன்னாடி குடுத்த வாக்கு புள்ள. இப்பக் கேக்கலைன்னு சொன்னா பொண்ணோட அப்பன் செவுடன்னு ஊரெல்லாம் பேசுவாங்க." ஒரு பெண்ணின் வேலையைவிட அந்த ஒரு வார்த்தை அவருக்குக் கனமாக இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. நித்யாவுக்கு வரவில்லை. "அப்பாவே சொல்லட்டும்மா. நான் சொன்னா அப்பா பொய் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள்.

அவள் வேறு விதமாகப் போனாள். "அப்பா, ஆபீஸ்ல ஒரு சாமானைச் சோதிக்க ஆள் வேணும். நீங்க மெஷின்காரர், நல்லது கெட்டது சொல்லுவீங்க" என்றாள். மெஷின்காரர் என்றதும் மனிதர் மசிந்தார். முதலில் ஈரோட்டில் காது டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்தாள். சவ்வில் கோளாறு இல்லை, உள் நரம்புதான் தேய்ந்திருக்கிறது என்றார்கள். அந்த அளவுக்குத் தகுந்த சின்ன மெஷின் ஒன்று வந்தது. நிலக்கடலைப் பருப்பு அளவு. உங்கள் மெஷினைப் பார்த்த கண்ணுக்கு இது மெஷினாகவே தெரியவில்லை.

இதில் புதிது என்ன என்று நானும் அவளிடம் கேட்டேன். முன்பெல்லாம் ஒரு போன் ஒரு காதோடுதான் ஒயர் இல்லாமல் பேசுமாம். இப்போது ரேடியோ நிலையம் மாதிரி ஓரிடத்திலிருந்து சத்தத்தை அனுப்பினால், சுற்றுவட்டத்தில் இருக்கும் எத்தனை காது வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாமாம். அந்த வசதி உள்ள காது மெஷினாக இருந்தாலும் சரி, சின்னப் பசங்கள் பாட்டுக் கேட்கும் இயர்பட்ஸாக இருந்தாலும் சரி, வருவது ஒரே சத்தம். பேட்டரியும் குறைவாகத்தான் செலவாகும் என்றாள். எல்லா இடத்திலும் இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது.

அப்படிச் சத்தம் அனுப்பும் தீப்பெட்டி போன்ற ஒரு பெட்டியை டிவியின் பின்னால் செருகினாள். உங்கள் மகன் சிக்னல் எதுவரை வருகிறது என்று பார்க்கத் தெருவில் இறங்கி நடந்தார். ஆட்டுக்காரர் வீட்டைத் தாண்டியதும் விட்டுவிட்டது என்று வந்து சொன்னார். மறுபடி போய், சுவர் மறைத்தால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு வந்தார். டிவி சத்தம் குறைந்து, வெகுகாலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் குக்கர் விசில் கேட்டது. ஆனால் வாசற்படி தாண்டி வெளியே போகும்போது கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். கடைக்குப் போட்டுக்கொண்டு போக மாட்டார்.

நிச்சயதார்த்தம் சங்ககிரியில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. எதிரொலிக்கிற மண்டபம். என் காதுக்கே பாதிதான் புரிந்தது. நித்யா மைக் செட்காரரிடம் பேசி, அந்தத் தீப்பெட்டியை அவருடைய மிக்ஸரில் இணைத்திருந்தாள். அவளுடைய ஆபீஸ் சினேகிதிகளும் இயர்பட்ஸோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் காதில் ஏதாவது ஒன்று. உங்கள் மகன் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டப்பாவைத் திறந்து மாட்டிக்கொண்டார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் பேசியதைச் சபையில் சொல்லிவிடுவது வழக்கம்தானே. பையனின் பெரியப்பா மைக்கை வாங்கினார். நகை, மண்டபம், முகூர்த்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகாது. அவங்க அப்பாவும் அதுக்குச் சரின்னுட்டாங்க. சரிதானுங்களே?" என்று இவர் பக்கம் திரும்பினார்.

கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெளிவாகக் கேட்டதோ தெரியாது. இவருக்குக் கேட்டது. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைப் போலக் கேட்டது என்று பிறகு சொன்னார். இவர் வாயிலிருந்து வழக்கமான வார்த்தை வரப்போகிறது என்று தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் மகன் எழுந்து நின்றார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார். "அன்னைக்கு நீங்க கேட்டது எனக்குக் காதுல உழுகல. எனக்குக் காது மந்தம். உழுகாமயே ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன், தப்பு என்ற மேலதானுங்க. இன்னைக்கு நல்லாக் கேக்குது. என்ற பொண்ணு வேலைக்குப் போவாளுங்க."

அன்று தட்டு மாற்றவில்லை. சமைத்ததை எல்லோரும் மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். சில நாள் கழித்து பையனும் அவன் அப்பாவும் மட்டும் பஸ் ஏறி வந்தார்கள். அந்தக் கேள்வி தன்னுடையது இல்லை என்றான் பையன். கல்யாணம் தை மாதம். நித்யா இந்த வாரமும் கோயம்புத்தூர் போயிருக்கிறாள். உங்கள் மகன் இப்போது கடைக்கும் மாட்டிக்கொண்டுதான் போகிறார்.

நியாயமாகக் கடிதம் இங்கே முடிய வேண்டும். ஆனால் அவர் இல்லீங்க என்ற நேரத்தில், மண்டபமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன் மாமா.

என் நிச்சயத்தின்போது நான் நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். "பொண்ணு இனி வேலைக்குப் போகாதுங்களே?" என்று சபையில் கேட்டது நீங்கள். என் அப்பாவுக்குப் பாம்புச் செவி. அட்சரம் பிசகாமல் கேட்டுவிட்டுத்தான் ஆமாங்க என்றார். அதைக் கேட்ட உங்கள் காதிலும் அன்று ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு ஆயுசு முழுக்க என்னை டீச்சரம்மா என்று பிரியமாகக் கூப்பிட்டீர்கள். நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் மேல் உள்ள பிரியமும் அப்படியே இருக்கிறது. உங்கள் படத்துக்கு மாலை மாற்றும்போது இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன. உங்களுக்கு அது எப்போதாவது உறுத்தியதா? காது கேட்ட காலத்தில் நான் கேட்கவில்லை. பிறகு கத்திக் கேட்கிற விஷயமா அது?

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் மாமா. இந்த வீட்டில் இனி எந்தப் பெண்ணைப் பற்றி அந்தக் கேள்வி வந்தாலும், பதில் சொல்ல அவள் அப்பாவை விடமாட்டேன். மைக்கை வாங்கி அவள் கையில் கொடுப்பேன்.

உங்கள் மருமகள்,
கலைச்செல்வி