சதவீதக் குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு

ஆகஸ்ட் 11, 2003. திங்கள்.

காலையிலேயே கொதிக்கிற வெயில். இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அச்சாபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோதே சொன்னேன்: ஒரு தடவை அடித்தால் போதும், தாளிலும் வரும், வெப்சைட்டிலும் வரும். யாரிடம் சொன்னேன் என்பதுதான் நினைவில்லை.

இன்று அக்கா மகள் செல்வி அதைச் செய்து காட்டினாள். ஒரு பட்டாசுக் கம்பெனியின் விலைப்பட்டியல். வெறும் எழுத்தாக அடித்த ஃபைல். தலைப்புக்கு முன்னால் ஒரு சாய்கோடு, ஒட்டி ஒரு கட்டளைச் சொல். மேக்ரோ என்று பேர். அந்தச் சொல்லைக் கண்டால் மெஷின் என்ன செய்யவேண்டும் என்று தனியாக எழுதிவைத்திருக்கிறாள். ஒரு விதமாக எழுதினால் புத்தகம். வேறு விதமாக எழுதினால் அதே ஃபைல் வெப் பக்கம்.

முதலாளி: "அம்புட்டும் ஒரே ஃபைலா?"

"ஆமா முதலாளி. வெல மாறுனா ஒரு இடத்துல திருத்துனாப் போதும்."

"எல்லாம் நான் சொல்லிக்குடுத்ததுதான்" என்றேன். செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி வேலையைப் பார்த்தாள். தங்கமான பிள்ளை.

முதலாளி வாக்கு: வியாழனுக்குள் பக்கம் சரியாக ஏறினால் கம்ப்யூட்டர் சீட் அவளுக்கு. இல்லையென்றால் மதுரையிலிருந்து ஆள். அப்புறம் செல்வியும் அவள் அம்மாவோடு ஏழாயிரம்பண்ணை பட்டாசு யூனிட் வேனில் ஏறவேண்டியதுதான்.

ஆகஸ்ட் 12. செவ்வாய்.

செருப்பு வார் அறுந்தது. வாங்க: பிளேடு, தைலம், கருப்பட்டி.

புத்தகம் அச்சுக்குப் போயாச்சு. புரூஃப் பார்த்தது நான். ஒரு பிழை கிடையாது. என் கண்ணைப் பற்றிச் சென்னை வரைக்கும் பேச்சு.

மதியம் செல்வி சாப்பிடப் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெப் பக்கத்துக்குப் போகவேண்டிய ஃபைலைத் திறந்தேன். பார்த்தால் ஒவ்வொரு சதவீதக் குறிக்கு முன்னாலும் ஒரு சாய்கோடு. அசிங்கம். சொல்லுக்கு முன்னால் நின்றதை விட்டுவிட்டேன், அது மேக்ரோ. குறிக்கு முன்னால் எதற்கு? புரூஃபில் தூசி கண்டால் எடுக்காமல் எனக்குச் சோறு இறங்காது. அத்தனையும் எடுத்தேன். ஃபைல் இப்போது கழுவிவிட்ட மாதிரி. அவள் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். டீ வந்தது, மறந்துபோச்சு.

ஆகஸ்ட் 13. புதன்.

மேகம். மழை இல்லை. பிரௌசிங் சென்டரில் வைத்துப் பக்கத்தை ஏற்றினாள். விலை எல்லாம் சரியா என்று பார்த்தாள். மற்ற வரியெல்லாம் புத்தகத்திலேயே படித்ததுதானே, நேரமும் இல்லை. டீக்கடையில் சொன்னேன், இந்நேரம் சிங்கப்பூரில் பார்த்துக்கொண்டிருப்பான் என்று. "ஒம்ம மூஞ்சியுமா தெரியுது அதுல?" என்றான் கடைக்காரன். ஒரே சிரிப்பு. பொறாமை பிடித்த கூட்டம்.

ஆகஸ்ட் 14. வியாழன்.

காலையிலிருந்து போன். கம்பெனி மேனேஜர் போட்ட சத்தம் முதலாளி அறைக்கு வெளியே கேட்டது. புத்தகத்தில் '50% தள்ளுபடி, லாரி லோடு எடுப்பவர்களுக்கு மட்டும்' என்று இருக்கிறது. வெப் பக்கத்தில் ஐம்பதோடு நிற்கிறது. குறியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை, லோடும் இல்லை. ஒரு கடைக்காரர் ஐம்பது ரூபாய்க்கு ஒரு பெட்டி என்று நினைத்து ஆர்டர் கொடுக்கிறாராம்.

செல்வி ஃபைலைத் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, சதவீதத்துக்கு முன்னால இருந்த கோட்ட யாரு எடுத்தது?"

"ஏன் தாயி, அது எதுக்கு?"

"அது இல்லாட்டி மெஷினு அந்தக் குறியிலருந்து வரி முடியிற வரைக்கும் படிக்காது மாமா. நமக்காக எழுதிவச்ச குறிப்புன்னு நெனச்சு விட்டுரும்."

கால் மணியில் சரிசெய்து மறுபடி ஏற்றிவிட்டாள். முதலாளி கூப்பிட்டு அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் வெளியே வந்ததும் நான் எழுந்தேன். நேராக அறைக்குள் போனேன். "முதலாளி, எடுத்தது என் கை. பிள்ளை மேல குத்தமில்ல" என்றேன். மெஷின் ஓட்டுகிறவன்கூட நிறுத்திவிட்டான். முதலாளி எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "ஒன்ன மாதிரி ஆளு சிவகாசியிலயே இல்லய்யா" என்றார். கண் கலங்கியது, அவருக்கு.

ஆகஸ்ட் 15. வெள்ளி.

லீவு. ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் கூரை வரைக்கும் ஆள். முதலாளி குடும்பமும் போயிருக்கிறது. எனக்கு எங்கேயும் போகத் தோன்றவில்லை. மூன்று தடவை தெருமுனை வரை நடந்து திரும்பினேன். வார் தைக்காத செருப்பு வேறு.

ஆகஸ்ட் 16. சனி.

கம்ப்யூட்டர் முன்னால் மதுரைப் பையன். சம்பளம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்தாச்சாம்.

சாயங்காலம் அக்கா வீடு. அக்கா சொன்னாள்: "திங்கக்கெழமையிலருந்து வேன்ல இவளுக்கும் ஒரு எடம் சொல்லிட்டேன்டா. நீ சாப்பிடுறியா?"

வேண்டாம் என்றேன். செல்வி வாசல் வரை வந்தாள். "யாரு எடுத்தாகன்னு எனக்குத் தெரியும் மாமா. முதலாளிகிட்ட நான் சொல்லல." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

வியாழக்கிழமை எழுதியதில் ஒரு இடம் நடக்கவில்லை. எழுந்தது நிஜம். அறைக் கதவு வரை போனது நிஜம். உள்ளே போனது நான் சேர்த்தது.