திறக்காத சென்ட் சீசா

ஜூன் 4

முழங்கால் வலி. இருந்தாலும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். வீட்டில் இருந்தால் மட்டும் வலிக்காதா என்ன? புதிதாகக் கண்ணாடிக் கூடம் திறக்கப்போகிறார்கள். பழைய கண்ணாடிச் சாமான் சேர்க்கிற நாங்கள் நாலைந்து பேர் போய்க் கழுவி, துடைத்து, எது எந்தக் காலத்தது என்று பிரித்துக் கொடுக்கிறோம். சம்பளம் கிடையாது, காபி உண்டு. அந்தக் காபியை வாயில் வைக்க முடியாது.

இன்று, நாங்கள் கூஜா என்று கூப்பிடுகிறவர் மோதிரத்தைக் கழற்றாமல் தொட்டிக்குள் கையை விட்டார். கத்திவிட்டேன். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கட்டிலுக்கடியில்கூடக் கண்ணாடிக் கூஜாக்கள், அதனால் அந்தப் பெயர். “டீச்சரம்மா, ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் பிரம்ப கீழ வைக்கலியா?” என்றார். மோதிரம் மட்டும் கழன்றது.

ஜூன் 9

என் அலமாரியிலிருந்து சாமான் தேர்ந்தெடுக்க அருங்காட்சியகக் காப்பாளர் வந்திருந்தாள். சின்னப் பெண், வேலையில் கெட்டி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே அம்மாவின் சென்ட் சீசாவிடம் போய் நின்றாள். வெளிர் ஊதா, பட்டை தீட்டியது, கண்ணாடி மூடி.

“இது ரொம்ப அபூர்வம் டீச்சர். ஆனா உள்ள இருக்கற தண்ணி கண்ணாடிய அரிக்குது பாருங்க, புகை படிஞ்ச மாதிரி. காலி பண்ணாம வச்சா ரொம்ப நாள் தாங்காது.”

“அது தண்ணி இல்லம்மா. எங்கம்மாவோட சென்ட்.”

அம்மா கண்ணாடி முன்னால் நின்று காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவுவாள். விரலில் மிச்சமிருப்பதை என் மூக்கு நுனியில் தடவி, “போதும், போ” என்பாள். அவள் வெளியே போன பிறகும் அறையில் அந்த வாசனை இருக்கும். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

அவள் இறந்துபோனபோது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு நடை பழகவில்லை. அவன் அழும்போதெல்லாம் இந்தச் சீசாவைக் கையில் கொடுத்து, அம்மா இதுக்குள்ளதான் இருக்கா என்று சொல்லியே வளர்த்தேன். மூடியில் மூக்கை வைத்து இழுப்பான். மூடி திறக்காது, எப்போதோ இறுகிவிட்டது. அப்பாவோ அம்மா பேச்சையே எடுக்க மாட்டார். முன்னறையில் குனிந்த தலை நிமிராமல் புத்தகங்களுக்கு அட்டை கட்டிக்கொண்டிருப்பார். அம்மா படத்தைக்கூட மாட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஜூன் 10

கொடுக்க மாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டேன்.

ஜூன் 13

தம்பி வந்தான். காப்பாளர் அவனிடமும் பேசியிருக்கிறாள். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவன் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“தொறந்துடலாம்க்கா.”

“ஒரு தடவதான்டா. தொறந்தா போயிடும்.”

“அந்த ஒரு தடவ எனக்கு வேணும். உனக்கு அவங்கள ஞாபகம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?”

தலை நரைத்தவன் கேட்கிறான். அடுக்களைக்குள் போய்விட்டேன்.

ஜூன் 17

சரி, தம்பிக்காக. மூடி இடுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாயிற்று. கட்டாயப்படுத்தினால் கழுத்து உடையும். இனி காத்திருக்க வேண்டியதுதான்.

ஜூன் 21

அசையவில்லை. எப்பேர்ப்பட்ட மூடியும் எண்ணெய்க்கு இளகும். இது ஏன் இப்படி அடம் பிடிக்கிறது? அடுத்து வெந்நீர்த் துணி சுற்றலாம் என்கிறார் கூஜா. உடைந்தால் உங்களை உயிரோடு விட மாட்டேன் என்றேன். சிரிக்கவில்லை அவர்.

ஜூன் 24

திறந்தது.

கூஜா வெதுவெதுப்பான துணியைச் சீசாவின் கழுத்தில் சுற்றிச் சுற்றி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் காப்பாளர் மூக்கைச் சுளித்தாள். “என்ன வாடை இது?” நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரியாதா? வஜ்ஜிரம். அட்டை ஒட்ட அப்பா காய்ச்சுகிற பசை. எங்கள் வீட்டுத் தலையணைகூட அந்த வாடைதான் அடிக்கும்.

தம்பிதான் திருகினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா வரவில்லை. தேங்கிய தண்ணீர் நாற்றம், அவ்வளவுதான். காப்பாளர் வெள்ளைக் கிண்ணத்தில் சாய்த்தாள். பழுப்பாக வந்தது, அடியில் கறுப்பாக இரண்டு துணுக்கு. கூஜா குனிந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சரம்மா… இது டீ.”

தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறான் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, சிரிப்பில்லை.

ஜூன் 25

காலம் பூராவும் ஆவியாதல் பாடம் நடத்தினவள் நான்! சென்ட் என்றால் பாதிக்குமேல் சாராயம். மூடி எவ்வளவு இறுக்கமானாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். இத்தனை வருஷமாக மட்டம் ஒரு நூல்கூட இறங்கவில்லையே, ஏன் என்று ஒருநாள், ஒரே ஒரு நாள் கேட்டேனா? வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

இப்போது ஞாபகம் வருகிறது. தம்பி பேசத் தொடங்கிய புதிது. சீசாவைத் தூக்கிக் காட்டி, “அக்கா, அம்மா கம்மியாயிட்டா” என்று அழுதான். “போடா, அப்படியேதான் இருக்கா” என்று அதட்டினேன். அப்பா முன்னறையில்தான் இருந்தார். குனிந்த தலையோடு. கேட்டிருக்கிறார்.

நிறம் பார்த்து டீ கலந்திருக்கிறார். குழந்தை திறந்துவிடக் கூடாதென்று ஒட்டியும் வைத்துவிட்டார்.

அப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு உங்க மேல இவ்ளோ கோவத்த வச்சுக்கிட்டு— இப்ப யார்கிட்டப் போய் சொல்றது?

ஜூலை 2

சீசாவைக் கொடுத்துவிட்டேன். பசைத் தடம் கண்ணாடிக்கு ஆகாதாம். காப்பாளர் ஈரப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முடியும்வரை முகர்ந்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 8

கூடம் திறந்தார்கள். நல்ல கூட்டம். கூஜாவின் கூஜாக்களுக்குத் தனி அலமாரி, மனுஷரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சீசாவுக்கு நடு வரிசை. மறுபடி இறுகாமலிருக்க மூடியைப் பக்கத்தில் தனியாக வைத்திருக்கிறார்கள்.

யாரோ ஒரு அம்மாள் குனிந்து பார்த்து, “இதுல என்ன சென்ட் இருந்திருக்கும்?” என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

“மொதல்ல எங்கம்மாவோடது இருந்துச்சு. அது தீந்ததும் எங்கப்பா ரொப்பி வச்சாரு.”

பிறகு அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவன் வாயால் அவ்வளவு நேரம் அப்பா பேச்சை நான் கேட்டதே இல்லை. நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். நடுவில் இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னான். நான் திருத்தவில்லை.