செம்பனைக் காட்டு வல்லாரை

என் கண்ணுக்கு,

வயிற்றுக் கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லையாம். குடலில் நூல் மாதிரி ஒரு புழுவாம். நத்தை ஊர்ந்த பச்சைக் கீரையிலிருந்து வருமாம், ரொம்ப அபூர்வமாம்.

"பச்சையா என்னா சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் மூன்று முறை கேட்டார்.

"ஒண்ணும் இல்ல லா, டாக்டர்" என்றேன். பக்கத்தில் அம்மா இருந்தாள். செம்பனைக் காட்டுக் கால்வாயில் நீ பறித்து, மிளகாய்ச் சம்பலில் பச்சையாகவே பிசைந்து தந்த வல்லாரையைச் சொன்னால் உன்னைச் சும்மா விடுவாளா?

இன்று அம்மா தேநீர் வாங்கப் போனதும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படாதே. நாம் ஒரே தட்டில்தானே சாப்பிட்டோம்?

நாளைக்கு வந்து நீயும் பரிசோதனைக்கு ரத்தம் கொடு, புள்ள. நேற்று சோற்றுத் தூக்கை வைக்கக் குனிந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். நான் தூங்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் வீட்டுக்காரன்